நோயாளிகள் மறைப்பது யாரிடமிருந்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு மருத்துவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். நோயாளிகள் உண்மையைச் சொல்வதில்லை. ஒன்றுக்கு வந்துவிட்டு வேறொன்றைச் சொல்கிறார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது கதவில் கையை வைத்துக்கொண்டு 'இன்னொரு விஷயம் டாக்டர்' என்று ஆரம்பிக்கிறார்கள். இதனால் நேரமும் வீணாகிறது, நோயும் முற்றுகிறது என்று வருத்தப்பட்டிருந்தார். அத்தனையும் உண்மை. ஆனால் அதற்கான காரணத்தை அவர் நோயாளியின் குணத்தில் தேடியிருக்கிறார். தம்முடைய கிளினிக்கின் முன்னறையில் தேடியிருந்தால் சீக்கிரம் கிடைத்திருக்கும்.

என் மனைவிக்கு நடந்ததைச் சொல்கிறேன். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா என் பேரும் வேண்டாம், உங்க பேரும் வேண்டாம். உங்க பேரைப் போட்டா என் பேரைப் போட்ட மாதிரிதான்" என்றாள். நியாயம்தான். எந்தக் கிளினிக் என்பதும் வேண்டாம். இந்தக் கதைக்கு அது ஒன்றும் விசேஷமான இடம் இல்லை.

அவளுக்கு இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால் சிறுநீர் கசியும் தொந்தரவு. பிள்ளை பெற்ற பெண்களுக்கு, வயது ஏற ஏற, மிகச் சாதாரணமாக வருகிற தொந்தரவு என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியாது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். எங்கே போனாலும் முதலில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்ப்பாள். எனக்கே அவள் வெகுநாள் சொல்லவில்லை. ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டு டாக்டரிடம் சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன்.

டோக்கன் தரும் மேஜையில் ஒரு பெண். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்னம்மா பிரச்சினை?" என்றார். என் மனைவிக்குக் காது சற்று மந்தம், கேட்கவில்லை. அந்தப் பெண் குரலை உயர்த்தி, "உங்களுக்கு என்ன தொந்தரவுன்னு கேட்டேன்!" என்றார். பெஞ்சில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. எங்கள் தெருக்காரர்கள் சிலரும் அதில் உண்டு. என் மனைவி ஒரு கணம் நின்றாள். பிறகு, "தலைவலி" என்றாள்.

நோட்டில் தலைவலி ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அது தலைவலிதான்.

முறை வர நேரம் ஆயிற்று. அங்கே பெண் நோயாளிகளுக்கென்று ஒரு கழிப்பறை உண்டு. உள்தாழ்ப்பாள் கிடையாது, உடைந்து எவ்வளவு காலமோ. யாராவது வெளியே காவல் நின்றால்தான் போக முடியும். பெண்கள் கழிப்பறைக்கு நான் எப்படிக் காவல் நிற்பது? அவள் அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். உள்ளே அழைத்ததும் முதுகுக்குச் சாய்மானம் இல்லாத ஒரு உயர ஸ்டூலில் உட்கார வைத்து, கால் தரையில் படாமல் தொங்க, உதவியாளர் ரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்துக்கொண்டே பேச்சும் கொடுத்தார். அளவு அதிகமாகக் காட்டியது. டாக்டர் நோட்டைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார். தலைவலி, மேலே பிரஷர். இரண்டும் அழகாகப் பொருந்திவிட்டன. தலைவலிக்கு மாத்திரை எழுதி, பிரஷரை இன்னொரு தடவை வந்து காட்டச் சொல்லி, அப்போதும் இப்படியே இருந்தால் தினசரி மாத்திரை ஆரம்பித்துவிடலாம் என்றார். இல்லாத நோய்க்கு மருந்து வாங்கிக்கொண்டு, இருக்கிற நோயோடு வீடு திரும்பினோம்.

அந்த மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. அவர் கைக்கு வந்த தகவலை வைத்துக்கொண்டு வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்தத் தகவல் எப்படி உண்டாயிற்று என்று பாருங்கள். ரத்த அழுத்தம் எடுக்குமுன் ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார வைக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், கை இதயத்தின் மட்டத்தில் தாங்கலாக இருக்க வேண்டும், எடுக்கும்போது பேசக் கூடாது, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கக் கூடாது. இதெல்லாம் நான் கண்டுபிடித்ததல்ல. மருத்துவ வழிகாட்டிகளில் உள்ள விதிகள். இவற்றில் பெரும்பாலானவை தவறினால் அளவு கூடுதலாகக் காட்டும். மருத்துவரிடம் போனாலே பதற்றத்தில் அழுத்தம் ஏறுகிறவர்கள் தனி. அதற்கு 'வெள்ளைக் கோட்டு' ரத்த அழுத்தம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்த்ததும், கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லாததும் சேர்ந்துதான் அந்த எண்ணைப் பெற்றெடுத்தன. பிறகு வீட்டில் வைத்துப் பலமுறை பார்த்தோம்; அவளுக்கு பிரஷர் இல்லை.

நான் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் கவுன்ட்டருக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடு ஒன்று இருக்கும். முன்னால் நிற்பவரின் வேலை முடிகிற வரை அடுத்தவர் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. யாருடைய கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை நாங்கள் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டோம். சீட்டில் எழுதித் தள்ளுவோம். பணத்துக்கு இந்த மரியாதையைச் செய்யத் தெரிந்த நாம் உடம்புக்கு ஏன் செய்வதில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை. கோடு போட ஒரு டப்பா பெயின்ட்டும் ஒரு மணி நேரமும் போதும். பெஞ்சை மேஜையிலிருந்து நாலடி தள்ளிப் போட அதுவும் வேண்டாம்.

டோக்கன் தருபவர் ஏன் நோயைக் கேட்கிறார் என்று கேட்டால், அவசரமானவர்களை முதலில் உள்ளே அனுப்பத்தான் என்பார்கள். சரியான காரணம். மார்புவலியோடு வந்தவர் தோல் அரிப்புக்காரருக்குப் பின்னால் காத்திருக்கக் கூடாது. ஆனால் அதற்கு எல்லோருடைய நோயையும் சபையில் விசாரிக்க வேண்டியதில்லை. 'மார்புவலி, மூச்சுத்திணறல், நிற்காத ரத்தப்போக்கு, திடீரென்று வாய் கோணுதல், கை கால் விழுதல், பேச்சுக் குழறல் — இவற்றில் எது இருந்தாலும் உடனே சொல்லுங்கள். மற்றதை டாக்டரிடம் சொன்னால் போதும்' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை வைத்துவிட்டு, படிக்கத் தெரியாதவரிடம் மட்டும் எழுந்து போய் அருகில் கேட்டால் வேலை முடிந்தது.

உலக மருத்துவ சங்கம் 1948-இல் ஜெனீவாவில் வகுத்த உறுதிமொழியில், நோயாளி நம்பிச் சொன்ன ரகசியங்களைக் காப்பேன் என்று மருத்துவர் சொல்கிறார். நோயாளி இறந்த பிறகும் காப்பேன் என்பதைப் பின்னாளில் சேர்த்தார்கள். 2017-இல் திருத்தியபோது நோயாளியின் கண்ணியத்தை மதிப்பேன் என்ற வரியும் சேர்ந்தது. நல்லது. ஆனால் உறுதிமொழி எடுத்தவர் உள்ளறையில் இருக்கிறார். ரகசியம் முதலில் போய்ச் சேர்வதோ முன்னறை மேஜைக்கு. அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. காலையிலிருந்து இரவு வரை எங்கள் எல்லோருடைய எரிச்சலையும் வாங்கிக்கொள்வதும் அவர்தான். அவரைத் திட்டி நான் இதை எழுதவில்லை. எதைக் கேட்கலாம், எந்தக் குரலில் கேட்கலாம் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியவர் சம்பளம் கொடுப்பவர்.

கண்ணியத்தை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் வைத்தியம் பார்ப்பது எப்படி என்று கேட்கிறவர்கள், தம் கழுத்தில் தொங்குவது எப்படி வந்தது என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். 1816-இல் பாரிஸில் ரெனே லென்னெக் என்ற மருத்துவரிடம் இதய நோய் அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் வந்தாள். அந்தக் காலத்து வழக்கப்படி மார்பில் நேரடியாகக் காதை வைத்துக் கேட்க வேண்டும். அவளுடைய வயதையும் அவள் பெண் என்பதையும் எண்ணி அவர் அதைச் செய்யவில்லை. ஒரு தாளை இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்துக் கேட்டார். நேரடியாகக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை அது. ஒரு பெண்ணின் கூச்சத்தை மதிக்கப் போய், மருத்துவத்துக்கே புதிய காது கிடைத்தது.

அதே ஸ்டெதாஸ்கோப்புக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. முதியோருக்கு வைத்தியம் பார்க்கிற சில மருத்துவர்கள் செய்வது இது. காது மந்தமானவர் வந்தால் கருவியின் காதுமுனைகளை அவர் காதில் மாட்டிவிட்டு, மறுமுனையில் மெல்லப் பேசுவார்கள். கத்த வேண்டாம். அறைக்கு வெளியே ஒரு சொல் போகாது. கத்துவதால் காது மந்தமானவர்களுக்குச் சொல் தெளிவாவதும் இல்லை, இரைச்சல்தான் கூடுகிறது. முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே உட்கார்ந்து, முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்க முடிந்தால் இறக்கி, நிதானமாகப் பேசினால் என் மனைவி பாதியை உதட்டிலேயே படித்துவிடுவாள். இதெல்லாம் எங்களுக்கு வீட்டில் பழக்கம். கிளினிக்கில் என்ன செய்கிறார்கள் என்றால், இரண்டு தடவை கத்திப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். "அவங்களுக்கு மோஷன் சரியா போகுதா?" நான் என்ன சொல்ல? அவள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய வயிற்றைப் பற்றி அவளிடம்தான் கேட்க வேண்டும். வயதானவர்களைப் பிள்ளைகள் கூட்டிக்கொண்டு வரும்போதும் இதே கதைதான். கேள்வி பிள்ளைக்கு, பதிலும் பிள்ளைக்கு. நோய் மட்டும் பெரியவருக்கு. சில பெரியவர்களுக்கு மகனோ மருமகளோ பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாத விஷயங்களும் இருக்கும். 'நீங்க கொஞ்சம் வெளியே இருங்க, நான் அம்மாகிட்ட தனியா பேசிக்கிறேன்' என்று மருத்துவர் தாமாகவே சொன்னால் யாருக்கும் சங்கடம் இல்லை. அம்மாவே எப்படிச் சொல்வாள்?

உள்ளறைக்கு வருவோம். ஒருவரைப் பரிசோதிக்கும்போதே அடுத்த இருவரை உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைக்கிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நேரம் மிச்சமாம். மேல்சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பவர் முகத்துக்கு நேராக இன்னொருவர் தம் எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். இரண்டு பேரும் கூரையைப் பார்ப்பார்கள். திரைச்சீலைக் கம்பி இருக்கும். திரை இருக்காது, அல்லது பாதிதான் மூடும். கதவைத் திறந்து திறந்து எட்டிப் பார்க்கும் நாமும் இதில் பங்காளிகள்தான். 'ஒரு சந்தேகம் மட்டும்' என்று ரிப்போர்ட்டை நீட்டிக்கொண்டு நுழைகிறவர் ஒருவராவது எல்லா நாளும் இருப்பார். நுழைந்தவரை, 'வெளியே இருங்கள், கூப்பிடுகிறேன்' என்று மருத்துவர் ஒரு தடவை கண்டிப்பாகச் சொன்னால் பெஞ்சு முழுக்கப் புரிந்துகொள்ளும். ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது பெண் உதவியாளர் ஒருவர் உடன் இருப்பது இரு தரப்புக்குமே பாதுகாப்பு. அந்த உதவியாளர் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு அர்த்தம் இல்லை.

எடை பார்க்கும் மெஷினை வழியிலிருந்து எடுத்து உள்ளே வையுங்கள், எண்ணை வாய்விட்டுப் படிக்காதீர்கள். சிறுநீர் மாதிரிக்கு மூடியுள்ள டப்பியும் அதை வைக்க ஒரு தட்டும் கொடுங்கள். கையில் ஏந்திக்கொண்டு பெஞ்சைக் கடந்து போக வேண்டாம். ஆய்வு முடிவு வந்ததும் 'சுகர் டெஸ்ட் குடுத்தது யாரு?' என்று வாசலில் நின்று கேட்காதீர்கள். டோக்கன் எண் எதற்கு இருக்கிறது?

நேரம் இல்லை என்பதுதான் இதற்கெல்லாம் கடைசி பதில். நேரம் இல்லை என்பது பொய்யும் அல்ல. 67 நாடுகளில் எடுத்த கணக்குகளைத் திரட்டி 2017-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பொது மருத்துவர் ஒரு நோயாளிக்குத் தரும் சராசரி நேரம் ஸ்வீடனில் இருபத்திரண்டரை நிமிடம், பங்களாதேஷில் 48 வினாடி என்று சொன்னது. உலக மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேர் வாழும் நாடுகளில் அது ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோதான். 48 வினாடியில் எந்த மருத்துவராலும் யாருக்கும் மரியாதை செய்ய முடியாது, வைத்தியமும் செய்ய முடியாது. அதற்குக் கூடுதல் மருத்துவர்கள் வேண்டும், அரசாங்கங்கள் பணம் ஒதுக்க வேண்டும். அது தனிக் கடிதம்.

ஆனால் இருக்கிற நேரத்தில் என்ன நடக்கிறது என்பதும் முக்கியம். 1984-இல் அமெரிக்காவில் பெக்மனும் ஃபிராங்கலும் மருத்துவர்களின் உரையாடல்களைப் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 வினாடிக்குள் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார். விட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் எவ்வளவு சரி என்று 2002-இல் சுவிட்சர்லாந்தில் சோதித்தார்கள். நோயாளி தானாக நிறுத்தும்வரை குறுக்கிடாதீர்கள் என்று மருத்துவர்களிடம் சொல்லிவிட்டு நேரத்தைக் குறித்தார்கள். சராசரி 92 வினாடி. நாலில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். என் வேலையில் எனக்குத் தெரிந்ததும் இதுவே. கவுன்ட்டரில் அவசரப்படுத்தினால்தான் மனிதர்கள் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்பார்கள். ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட்டால் போய்விடுவார்கள். அந்த மருத்துவர் குறைப்பட்டுக்கொண்ட, கதவில் கை வைத்துச் சொல்லப்படும் 'இன்னொரு விஷயம்' இருக்கிறதே, அதுதான் பெரும்பாலும் முதல் விஷயம். வீட்டிலிருந்து கிளம்பும்போதே நெஞ்சில் வைத்துக்கொண்டு வந்தது. சொல்ல இடம் கிடைக்காமல் கதவு வரை போயிருக்கிறது.

என் மனைவி விஷயத்தில் பிறகு என்ன ஆயிற்று என்றால், தூரத்து உறவுப் பெண் ஒருத்தி சொல்லி வேறொரு மருத்துவரிடம் போனோம். அங்கேயும் கூட்டம்தான், அங்கேயும் ஒரே டாக்டர்தான். மேஜையில் பெயரும் வயதும் மட்டும் கேட்டார்கள். உள்ளே போனதும் அந்த அம்மாள் கதவை மூடச் சொன்னார், தம் பெயரைச் சொன்னார், என் மனைவியைப் பார்த்து உட்கார்ந்தார். மருத்துவர் தம் பெயரைச் சொல்வது எனக்குப் புதிதாக இருந்தது. இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்ற மருத்துவர் தாமே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, தம்மைத் தொட்டுப் பார்க்க வந்தவர்களில் பலர் தாம் யார் என்று சொல்லிக்கொள்ளாததைக் கவனித்து, 'வணக்கம், என் பெயர் இது' என்று தொடங்குங்கள் என 2013-இல் ஒரு இயக்கமே நடத்தியிருக்கிறார் என்று பின்னர் படித்தேன். 2016-இல் அவர் இறந்துவிட்டார்.

என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். திரும்பி வந்தபோது என் மனைவி சொல்லி முடித்திருந்தாள், அழுதும் முடித்திருந்தாள். வைத்தியம் என்னவென்றால், முதலில் ஒரு பயிற்சி. அடிவயிற்றுக்குக் கீழே உள்ள தசைகளை இறுக்கி, விட்டு, இறுக்கி, விட்டுச் செய்வது. அர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-லேயே எழுதி வைத்தது. மருந்து இல்லை, ஊசி இல்லை. தண்ணீரைக் குறைக்காதீர்கள், அது உபத்திரவத்தைக் கூட்டும் என்றும் சொன்னார். மாதங்கள் சில ஆயிற்று. முழுசாகப் போகவில்லை, ஆனால் இப்போது சிரிக்கிறாள். இவ்வளவு எளிய பதிலுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது, சத்தமாகக் கேட்கப்பட்ட ஒரு கேள்வி.

கடைசியாக, கடிதம் எழுதிய மருத்துவருக்கு ஒரு யோசனை. டோக்கனோடு ஒரு சிறு சீட்டும் பென்சிலும் கொடுக்கச் சொல்லுங்கள். வந்த காரணத்தை விரும்பினால் எழுதலாம். எழுத வேண்டாம் என்றால் 'உள்ளே சொல்கிறேன்' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டால் போதும். அதை மடித்து நோயாளியே உங்கள் கையில் தரட்டும், மேஜை வழியாக வர வேண்டாம். என்னைக் கேட்டால் முதல் வாரமே பாதிச் சீட்டுகளில் அந்தக் கோடுதான் இருக்கும் என்பேன். இன்னொன்று, மாலையில் அந்தச் சீட்டுகளைக் கிழித்துப் போடுவது யார் பொறுப்பு என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். குப்பைக்கூடையில் மடித்தபடியே கிடந்தால் கூட்டுகிறவர் பிரித்துப் படிப்பார். அது அவர் தப்பில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்
(பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)